நீலக் கிற்றாரில் பதித்த பலகைத் துண்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல், சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லிவிட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்பனின் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு முன்னறையில், சின்ன மச்சான் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு புது எலெக்ட்ரிக் கிற்றாரை வெளியே எடுத்தார். என் மனைவியின் தம்பி அவர். இங்கே கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, நிரந்தர விசா எடுத்து, கொம்பியூட்டர் வேலையில் இருந்தவர். கிற்றார் ஆழ்கடல் நீலம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கராஜில் வைத்து எட்டு மாதமாக அவருக்கென்றே செய்தது. அதன் உடம்பில், கம்பிகளுக்குக் கீழே, உள்ளங்கையளவு பழைய பலகைத் துண்டு ஒன்று பதித்திருந்தது. அதன்மேல் மட்டும் வார்னிஷ் இல்லை. அதிலிருந்த கீறல்கள் கைக்குத் தட்டுப்படவேண்டும் என்று மச்சான் கேட்டிருந்தார்.

அந்தத் துண்டு பெரிய மச்சானின் பழைய கிற்றாரிலிருந்து வந்தது. என் மனைவியின் அண்ணன் அவர். முந்தைய வருடம் மன்னாரில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். நாங்கள் படகில் வந்தவர்கள், விசா முடிவாகவில்லை, போனால் திரும்பமுடியாது. மனைவி போனைக் காதில் வைத்தபடியே அடக்கத்துக்கு அழுது முடித்தாள். விசாப் பிரச்சினை இல்லாத சின்ன மச்சான் விமானத்தில் போனார். திரும்பும்போது உடைந்த கிற்றாரின் முகப்பலகையை உடுக்கும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். மெல்பன் விமான நிலையத்தில் அதிகாரிகள் பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து முடிக்கும்வரை ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கொடுத்துவிட்ட தகப்பன்போல நின்றதாகச் சொன்னார்.

எனக்கு அப்போதே பொறாமை தொடங்கிவிட்டது. கிற்றார்மேல் பொறாமை என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவல்ல. பெரிய மச்சானும் நானும் அந்த ஒரே கிற்றாரை ஒன்பது வருடம் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் மாறிமாறி வாசித்தவர்கள். பெருநாட்களில் அவர் முன்னால் நின்று வாசிப்பார். சாதாரண நாட்களின் பூசைக்கு நான், தூணுக்குப் பின்னால் இருந்து. நான் வாசிப்பது ஊரிலேயே பலருக்குத் தெரியாது. சின்ன மச்சான் அந்த நாட்களில் பட்டம் விட்டுக்கொண்டு திரிந்தார். இப்போது எல்லோரும் அவரைப் பார்த்து, “தம்பியெண்டால் இப்பிடி இருக்கவேணும்” என்றார்கள்.

கிற்றார் உருவாக உருவாக அவர் படங்கள் அனுப்புவார். முதல் படத்திலேயே கீறல்களைக் கண்டுகொண்டேன். பெரிய மச்சான் விரல் நுனியால்தான் வாசிப்பார். ஷாம்பூ போத்தலில் பிளாஸ்டிக் துண்டு வெட்டி அதால் கம்பியை அடித்தவன் நான். “மெல்ல அடியடா மச்சான், தேங்காயே துருவுறாய்?” என்று ஏசுவார். அவை என் கீறல்கள். எட்டு மாதமும் நான் அதைச் சொல்லவில்லை. வாய்க்குள் அடக்கிய இனிப்பைப்போல வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மச்சானின் ஆண்டு நினைவு. செபம் முடிந்ததும் சுவாமியார் கிற்றாரை மந்திரிக்கத் தீர்த்தத்தோடு வந்தார்.

“சுவாமி, கரண்ட் சாமான், பாத்துத் தெளியுங்கோ,” என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கிற்றாரை மடியில் வைத்து, “அண்ணன்ர கை பட்ட இடம். தொட்டுப் பாருங்கோ,” என்றார். ஒவ்வொருவராக வந்து, புனிதரின் சுரூபத்தைத் தொடுவதுபோல அந்தக் கீறல்களைத் தொட்டு, விரலை முத்தமிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் மனைவி குனிந்து கன்னத்தையே வைத்தாள்.

“அத்தான், நீங்களும் வாங்கோ.”

“அது என்ர கீறல்,” என்றேன்.

“பகிடி விடாதேங்கோ அத்தான்.”

“பகிடியில்லை. அண்ணை விரலாலதான் வாசிச்சவர். கீறினது நான்.”

அவர் தன் அக்காவைப் பார்த்தார். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “ஓம். அண்ணா விரலாலதான்...” என்று மட்டும் சொன்னாள். குசினியில் ரோல்ஸ் பொரிகிற சத்தம் கேட்டது. சுவாமியார் தீர்த்தச் செம்பைக் கதிரையில் வைத்தார்.

“படம் அனுப்பேக்கயே சொல்லியிருக்கலாமே அத்தான்,” என்றார் மச்சான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கிற்றாரைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அண்ணனுக்காக அன்று வாசிக்கவென்று பழகி வந்த பாட்டை அவர் வாசிக்கவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் நான் வேலை செய்யும் பேக்கரிக்கு மனைவி போன் எடுத்தாள். தம்பி லீவு போட்டுவிட்டுக் கிற்றார் செய்த கிழவரிடம் போய் அந்தத் துண்டைக் கழற்றுவிக்கிறான் என்றாள். அது எனக்கு வேண்டுமா என்று கேட்கச் சொன்னானாம். ஓம் என்றேன்.