எங்கள் ஊருக்கு ஒரு வெட்டுத் தீர்மானம்

என் மச்சாண்டாருக்குத் தொண்டை பெரிது. கணவரின் அண்ணனைப் பற்றி இப்படி எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அந்தத் தொண்டையை விட்டுவிட்டு அந்த நாளைச் சொல்ல முடியாது. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில், வயலுக்கு நடுவில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் ஏரிக்கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். கிராம சபைக் கூட்டத்தில் மைக் வேலை செய்யவில்லை என்றால் தலைவர் அவரைத்தான் எழுப்பிவிடுவார்.

ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நன்செய் நிலம் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் அதைப் பங்கு பிரிக்காமல் சேர்ந்தே பயிர் வைக்கிறார்கள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன். மழை ஏமாற்றிய வருடங்களில் என் சம்பளத்தில்தான் வயலுக்கு உரம் போயிருக்கிறது. ஆனாலும் எந்த நெல் போடுவது, எப்போது நடுவது என்று அந்த வீட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. சோறு போடும்போது அண்ணனும் தம்பியும் பேசுவதிலிருந்து நானாகத் தெரிந்துகொள்வேன். எனக்கு அது எரிச்சல்தான், வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருடம் அறுவடை முடிந்த கையோடு சிலர் வந்து நிலத்தை அளந்தார்கள். வரப்போரமாகக் கல் நட்டார்கள். எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள். தொழிற்பேட்டையைப் பெரிதாக்கப் போகிறார்கள், எங்கள் நிலமும் அதில் வரலாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சோறு போடுவது ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை. ஒன்று இன்னொன்றை விழுங்க வந்தால் நான் யார் பக்கம் நிற்பது? நான் வயல் பக்கம்தான் நின்றேன், அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கம்பெனியில் என் பக்கத்தில் நிற்கிறவள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “இன்னாக்கா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? நெலம் போனா டப்பு வரும். நல்லா மாடி ஊடு கட்டிக்கினு உக்காரு” என்றாள்.

“உன் ஊட்ட இடிச்சிக் குடேன், நீயும் உக்காரலாம்” என்றேன். அன்று மதியம் அவள் நீட்டிய கருவாட்டுக் குழம்பைத் தொடவில்லை. அது எனக்குத்தான் நஷ்டம்.

கிராம சபையில், நிலம் தரமாட்டோம் என்று தீர்மானம் போட்டோம். தலைவர் படித்தார், மச்சாண்டார் எழுந்து “சம்மதமா?” என்று கத்தினார், ஊரே கை தூக்கிச் “சம்மதம்” என்றது. மேலே அனுப்பினார்கள், மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்குள் சித்திரையில் தொடங்குகிற சொர்ணவாரிப் பட்டம் நெருங்கிவிட்டது. ஊரில் சிலர் நாற்றங்கால் விட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டை கூடத்து மூலையிலேயே கிடந்தது. “நட்டு வெச்சப்புறம் பொக்லைன் வந்து நின்னா இன்னா பண்றது?” என்பார் என் கணவர். அதற்குமேல் பேச்சு நகராது. போகும்போதும் வரும்போதும் அந்த மூட்டையில் கால் இடித்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் எம்.எல்.ஏவின் உதவியாளர் போன் செய்தார். எம்.எல்.ஏ எதிர்க்கட்சிக்காரர், நாங்கள் ஓட்டுப் போட்டவர். கணவர் போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

“நாளைக்கு சட்டசபைல தொழில் துறை மானியக் கோரிக்கை. நம்ம எம்.எல்.ஏ உங்க ஊருக்கு வெட்டுத் தீர்மானம் குடுத்துக்கீறாரு. மூணு பேருக்கு பாஸ் சொல்லி வெச்சிக்கீறோம். வந்து கண்ணால பாத்துட்டுப் போங்க.”

கணவர் போனை வைத்தார்.

“வெட்டா?” என்றார் மச்சாண்டார். “நமக்கா?”

எங்கள் பக்கம் வெட்டு என்றால் ஒன்று ஆடு, இல்லையென்றால் அடிதடி கேஸ். தீர்மானம் போட்டு வெட்டுவார்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. “ஓட்டு போட்ட கை காயல, அதுக்குள்ள நம்மளயே வெட்றானா?” என்று கணவர் சுவரில் சாய்ந்துவிட்டார். என் ஓரகத்தி, மச்சாண்டாரின் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“திருப்பி போன் போட்டு, வெட்டுன்னா இன்னான்னு கேளுங்க” என்று சமையலறையிலிருந்து சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

“போன்ல இன்னாடா கேக்கறது? நேர்ல போயி அவன் மூஞ்சியப் பாத்தே கேட்டுர்லாம்” என்றார் மச்சாண்டார். அவர் சொன்னால் முடிந்தது.

ஓரகத்தி அழுதுகொண்டே வரமாட்டேன் என்றதால், மூன்றாவது பாஸுக்கு நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன். தினமும் கும்மிடிப்பூண்டி பக்கம் ரயிலேறுகிறவள், அன்று எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். சென்னையில் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடித்து, சட்டசபை நடக்கிற கோட்டைக்குப் போனோம். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்துப் போயிருந்த தூக்குவாளியையும் வாங்கிக்கொண்டார்கள். மச்சாண்டாரின் வெற்றிலைப் பையை வாங்கியபோது அவர் முகம் விழுந்துவிட்டது.

பார்வையாளர் மாடத்தில் வெள்ளை உடுப்புக் காவலர் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். “பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கை தட்டக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது.”

“மூச்சு வுடலாமா?” என்று மச்சாண்டார் கேட்டார். காவலர் சிரிக்கவில்லை.

அவர் கை காட்டிய வரிசையில் போய் உட்கார்ந்தால், எனக்குப் பக்கத்தில் மச்சாண்டார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. இப்போது தோளோடு தோள். நான் இந்தப் பக்கம் ஒடுங்க, அவர் அந்தப் பக்கம் ஒடுங்க, நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போல இருந்தது.

சட்டசபை என்றால் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கீழே ஒருவர் பேசும்போது நான்கு பேர் எழுந்தார்கள். யார் ஆட்சியில் எந்தக் கம்பெனி வந்தது என்று ஒரு சண்டை. பேரவைத் தலைவர் “உட்காருங்க, உட்காருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவே யாரோ ஏதோ கிண்டல் செய்ய, இரண்டு பக்கமும் சிரித்தது. எங்கள் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்களுக்குப் பிடித்த பேச்சு வந்தால் கை தட்டாமல் மேசையைத் தட்டினார்கள். அத்தனை பேர் ஒன்றாகத் தட்டும்போது எங்கள் ஊருக்குள் கூட்ஸ் வண்டி வந்ததுபோல் இருந்தது.

எங்கள் எம்.எல்.ஏ எழுந்தார். தம்முடைய வெட்டுத் தீர்மானத்தின் மீது பேசுவதாகச் சொல்லிவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். ரயில்கூட நிற்காத எங்கள் ஊரின் பெயரை அந்த மண்டபத்தில் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏரியைச் சொன்னார், மதகைச் சொன்னார், முப்போகம் விளைகிற பூமி என்றார். எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் முப்போகம் விளைந்ததில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

“நல்லாத்தாண்டா பேசறான். அப்புறம் இன்னாத்துக்கு வெட்டு?” என்று மச்சாண்டார் முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பே மற்றவர்கள் பேசுகிற சத்தம். காவலர் முறைத்தார்.

கடைசியில் அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். நிறைய ஊர், நிறைய திட்டம். என் கணவர் இரண்டு தரம் கண்ணயர்ந்தார். எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் மூன்று பேரும் நிமிர்ந்தோம். “உறுப்பினர் குறிப்பிட்ட ஏரிப் பாசன நன்செய் நிலங்களைப் பொறுத்தவரை, விவசாயிகளின் அரசான இந்த அரசு…” என்றார். அவ்வளவுதான், அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அமைச்சரும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அவர் உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்கூட எங்கள் காதில் ஏறவில்லை. தட்டி முடித்தபோது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

கணவரைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். எடுக்கிறார்களா, விடுகிறார்களா? இத்தனை தூரம் வந்து அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டோமே என்று கீழே எங்கள் எம்.எல்.ஏவின் முகத்தைத் தேடினேன்.

அதற்குள் வாக்கெடுப்பு வந்துவிட்டது. பேரவைத் தலைவர் வெட்டுத் தீர்மானங்களைக் குரல் வாக்கெடுப்புக்கு விடுவதாகச் சொன்னார். “ஏற்போர் ஆம் என்க.” ஒரு பக்கமிருந்து கொஞ்சம் குரல் வந்தது. எங்கள் எம்.எல்.ஏவும் ஆம் என்றார். மச்சாண்டார் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. “மறுப்போர் இல்லை என்க.”

மச்சாண்டார் எழுந்து நின்றுவிட்டார். “இல்ல! இல்லவே இல்ல! வெட்டக்கூடாது!”

மைக் இல்லாத கிராம சபைக்கான குரல் அது. கீழே இருந்த தலைகள் எல்லாம் மேலே திரும்பின. காவலர்கள் இரண்டு பக்கமும் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். “மாமா, உக்காருங்க மாமா!” என்று நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். மச்சாண்டாரின் வேட்டியை இழுத்த மருமகள் எங்கள் வம்சத்திலேயே நான்தான். மூன்று பேரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதே கீழே “தீர்மானம் தோல்வியுற்றது” என்பது காதில் விழுந்தது.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். எந்த ஊர், யார் பாஸ் கொடுத்தது, எந்தக் கட்சி என்று ஓர் அதிகாரி கேட்டார். சபையை அவமதித்தால் என்ன ஆகும் தெரியுமா என்றார். மச்சாண்டாருக்கு அப்போதுதான் தாம் செய்தது உறைத்தது. “எங்க ஊர்ல கேட்டா பதில் சொல்லுவோம் சார். அவரு கேட்டாரு, நான் சொன்னேன்” என்றார். அந்தக் குரல் வெளியே நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

எம்.எல்.ஏ கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அதிகாரியிடம் தனியாகப் பேசினார், மன்னிப்புக் கேட்டார். பிறகு எங்களிடம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“யோவ், உனக்காக நான் ஆம்னு கத்தறேன், மேலேர்ந்து நீ இல்லன்னு கத்தற? என் மானமே போச்சு.”

“நீங்க எங்கள வெட்றீங்கன்னு சொன்னாங்களே” என்றார் மச்சாண்டார்.

எம்.எல்.ஏவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அங்கேயே நாற்காலியில் விழுந்து சிரித்தார். “அது ஊர வெட்றது இல்லய்யா. அந்தத் துறை கேக்கற பணத்துல பேருக்கு நூறு ரூபாய வெட்டணும்னு சொல்றது. அப்பத்தான் உங்க ஊரப் பத்தி நான் எழுந்து பேச முடியும். அது தோக்கத்தான் தோக்கும். ஜெயிச்சா கவர்மெண்டே ஆட்டம் கண்டுடும்!”

“அப்ப எங்க நெலம்?” என்று கேட்டது நான்தான். மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.

“மந்திரி சொன்னாரே, கேக்கலயா?”

“மேசைய அந்தத் தட்டு தட்டினா இன்னா கேக்கும்?” என்றேன். என் குரல் அத்தனை கோபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாரும்மா. ஏரிக்குக் கீழ ஒரு துண்டு கூட எடுக்க மாட்டாங்களாம். சபைல சொன்னா சொன்னதுதான், எல்லாம் பதிவாயிடுச்சி. போய் நாத்து வுடுங்க.”

என் கணவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. எத்தனையோ வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது பசிதான். தூக்குவாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கோட்டைக்கு வெளியே கடல்காற்றில் ஒரு மரத்தடியில் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். அப்படி ருசித்துச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

திரும்பி வரும் ரயிலில் மச்சாண்டார் வெற்றிலையை மென்றுகொண்டே, “நான் சொன்னத மட்டும் எழுதிக்கலயாம்டா” என்றார். மாடத்துச் சத்தம் அவைக்குறிப்பில் ஏறாது என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தார். காவலர் வெளியே தள்ளியதைவிட அதுதான் அவருக்கு வருத்தம்.

“எழுதிக்கினா நீ மந்திரி கட்சின்னு ஆயிருக்கும்ண்ணா” என்றார் என் கணவர். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி மூன்று பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. சேதி கேட்ட ஓரகத்தி மறுபடியும் அழுதாள், அவளுக்கு எல்லாவற்றுக்கும் அழுகைதான். கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் விதைநெல் மூட்டையைக் கூடத்திலிருந்து முற்றத்துக்கு இழுத்து வந்து, விதை ஊறவைக்கிற தகர டிரம்மின் பக்கத்தில் நிறுத்தினார். மூட்டைக் கட்டை அவிழ்க்கப் போனவரை மச்சாண்டார் கை காட்டி நிறுத்தினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரவைத் தலைவர் மாதிரியே நின்றார். “வெத ஊற வெக்கலாமா? ஏற்போர் ஆம் என்க.”

“ஆம்” என்றார் கணவர். ஓரகத்தியும் அழுகைக்கு நடுவில் ஆம் என்றாள்.

முடிந்தது என்று நினைத்து நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். மச்சாண்டார் விடவில்லை. “இரும்மா. நீ இன்னா சொல்ற?” என்றார்.

ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் எனக்குப் போதவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் அந்தத் தகர டிரம்மை இரண்டு கையாலும் தட்டினேன்.