புரியாதது போல் நடித்த குடும்பம்

தெருவில் அவளுக்குப் பெயர் கண்டக்டரம்மா. சண்டைக்கு வரும் பயணியையே ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள். மகள் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு பெண்களில் சின்னவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்று சொந்தபந்தம் மொத்தமும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நின்றது. "குழந்தை பொறந்திருக்கு, வாழ்த்திட்டுப் போங்க. அழணும்னா வெளியில இடம் இருக்கு" என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிட்டாள்.

நான்கு வயது முடிந்தும் சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டில் பலம் போதாது, ஊதிப் பழக்குங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி தருகிறவர். அம்மாவின் பழைய விசில் மகள் கழுத்துக்குப் போனது. மாடி வீட்டுக்காரர் தலைவலி என்று வந்து நின்றார். "மாத்திரை நான் வாங்கித் தரேன், விசில் நிக்காது" என்று அனுப்பிவைத்தாள். உதடு தேறியது, பேச்சுதான் வந்தபாடில்லை.

பயிற்சிக்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்து சும்மா உட்கார்ந்து பார்த்தார். சின்னவள் கை நீட்டுவதற்குள் கேட்டது வந்தது. முகம் சுளிப்பதற்குள் அப்பா தூக்கினார். ஆமாம், இல்லை எல்லாவற்றையும் அவளுக்குப் பதிலாக அக்காக்காரியே சொன்னாள்.

"எல்லாத்தையும் நீங்களே முடிச்சிடறீங்க. அவ எதுக்குங்க பேசணும்?" என்றார் அவர்.

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாசம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் மகளின் வாயைப் பொத்தியிருக்கிறது. அன்றே வீட்டில் சட்டம் போட்டாள்: சின்னவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லும் வரை யாருக்கும் எதுவும் புரியாது. பஞ்சர் கடை வைத்திருந்த கணவர்தான் ரொம்பத் தவித்தார். மகள் பிஸ்கட் டப்பாவைக் காட்டினால் விட்டத்தைப் பார்ப்பார், கண் கலங்கும்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போக, வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். சின்னவள் டப்பாவைக் காட்டி அழுதுகொண்டிருந்தாள். மற்ற மூவரும் அசையவில்லை.

"பெத்த மனசா அண்ணி இது? வராத பேச்சுக்கு அதை ஏன் வதைக்கறீங்க? ஏதாவது ஹோம்ல விட்டுடுங்க."

"அவ பேசுவா. நீங்க உட்காருங்க."

நாத்தனாரா கேட்பாள்? டப்பாவைத் திறந்து, "பாவம்டி நீ" என்று ஒரு பிஸ்கட்டைக் குழந்தையின் வாயில் திணித்தாள். சின்னவள் கேட்டது பிஸ்கட்டைத்தான், திணிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. துப்பினாள். அத்தையை ஏறிட்டுப் பார்த்தாள். உதடுகளை இறுக்கி மூடித் திறந்தாள்.

"போ."

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டரம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மற்ற வீட்டு அம்மாக்கள் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்: "பெரியவங்களைப் போன்னு சொல்லக் கூடாது. போங்கன்னு சொல்லு."