இறங்கி ஏறுவதற்கு ஒரு விசா

லூர்தம்மாவை அவள் மகளிடம் போய்ச் சேரவிடாமல் செய்தவன் நான். ஐந்து வருடங்களாக எவரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் எனக்கொரு தட்டச்சுப் பயிலகம். மனு அடிப்பேன், ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வேன். கவிதை இரண்டு அச்சேறியவன் வேறு... கர்வத்துக்குக் கேட்க வேண்டுமா!

லூர்தம்மா கூட்டேரிப்பட்டுப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது வேர்க்கடலை நிலங்களில், கூலி வேலை செய்பவள். ஒரே மகள் ஸ்டெல்லா, கனடாவில் நர்ஸ். அவளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள். கனடா விசாவும் கிடைத்துவிட்டது. டிக்கெட்டோடு ஒரு தாள்: ஜெர்மனியில் ஒரு நாள் தங்கி விமானம் மாறுவதால், அந்த நாட்டின் டிரான்சிட் விசாவை முன்னதாகவே வாங்க வேண்டும்.

டிரான்சிட் விசா... அப்படியொன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை; அந்தத் தாளின் ஆங்கிலம் அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்! நாக்கு எழவில்லை.

"இது இன்னாங்க சார், தனியா ஒரு தாளு?"

"ஒண்ணுமில்லம்மா. விழுப்புரம் ஜங்ஷன்ல எறங்கி வேற ரயில் ஏறுறமே, அத மாதிரி. பிளாட்பாரம் மாறுறதுக்கு எவனாவது பர்மிஷன் கேப்பானா?"

"அப்ப ஜெர்மனியும் நம்ம விழுப்புரந்தான்னு சொல்லுங்க! அங்கயாவது டீ நல்லா இருக்குமா சார்?"

நானும் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே!

பம்பாய் விமான நிலையத்தில் கவுண்டரிலேயே அவளைத் திருப்பிவிட்டார்கள். அந்த விசாவுக்கு மனுப் போட்டுவிட்டு அவள் காத்துக் கிடந்த நாட்களில், அறுவை முடிந்த மூன்றாம் நாள், ஸ்டெல்லா இறந்துபோனாள்.

ஊர் திரும்பியவள் நேரே என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று எழுந்து நின்றேன்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க சார். நாந்தான் அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாம முழிச்சிக்கினு நின்னுட்டேன்."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "திடீர்னு ரூலை மாத்திட்டாங்கம்மா" என்றேன். அறியாமையை நீங்கள் மன்னிக்கலாம்... இதை?

ஒரு மாதம் கழித்து, ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது.

"மெதுவா படிங்க சார். ஒண்ணும் வுட்டுடாதீங்க."

அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் 'அம்மா வந்த பிளேன் இறங்கிவிட்டதா' என்று ஸ்டெல்லா கேட்டாளாம். கடைசி நாளில், 'அம்மாவுக்கு வர இஷ்டமில்லையோ' என்றாளாம்.

இம்முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாளாம்மா. கஷ்டமே படலியாம்."

"என்னைக் கேட்டாளாமா சார்?"

எப்படிச் சொல்வேன்? அதைச் சொன்னால் அந்தத் தாளையும் சொல்ல வேண்டுமே...

"இல்லம்மா" என்றேன்.

தலையாட்டினாள். கடிதத்தை வாங்கி மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மகள் தன்னைத் தேடவில்லை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டுமென்று மூன்று முறை கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மூன்று முறையும் சாலையைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.