சோறு இல்லாத கடை

அண்ணை தன் தாயாரின் செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தார். சொந்த அண்ணன் அல்ல. லண்டன் குரோய்டனில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம், அவர் மூத்தவர். அகதி வழக்கு முடியவில்லை, போனால் திரும்பி வர முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். மூத்த மகனான அவருக்குப் பதிலாக ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போட்டான். அண்ணை கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேநீரும் பிஸ்கற்றுமாக இளைத்துக்கொண்டே போனார். வேலையிடத்தில் ஒருநாள் மயங்கியும் விழுந்தார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகப் பட்டினி கிடந்தவன். பசியைத் தெரியும், துக்கத்துக்கு என்ன கொடுப்பது என்று தெரியாது. சோறே இல்லாத கடை எது என்று யோசித்தேன். தெருமுனையில் ஓர் எத்தியோப்பியக் கடை இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சைவம் மட்டும் என்றதும் கடைக்கார அம்மா சிரித்தார். அவர்களுக்கும் வெள்ளி விரதமாம். பெரிய தட்டில் இஞ்சேரா என்ற புளித்த மாவு ரொட்டியை விரித்து, அதன்மேல் பருப்பும் கீரையும் வைத்துக் கொண்டுவந்தார்.

“உதென்னடா, தோசைக்கு மேல கறியை ஊத்தியிருக்கினம்? கறி வைக்கக் கோப்பைக்குப் பஞ்சமோ?”

“பகிடியை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ அண்ணை.”

அவர் தொடவில்லை. அதைக் கண்ட அந்த அம்மா வந்து, ஒரு துண்டைப் பிய்த்துப் பருப்பைச் சுருட்டி அவர் வாயருகே நீட்டினார். அண்ணை முகத்தைத் திருப்பினார்.

“வாய்க்கரிசி போடுறாவோ? நான் இன்னும் சாகேல்லை எண்டு சொல்லு.”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: வளர்ந்தவர்களின் வாயில் நாங்கள் இடுவது இறந்த பிறகுதான், இவருக்குத் தாயின் வாயில் இடக் கிடைக்கவில்லை. தங்கள் ஊரில் அன்பானவர்களுக்கு இப்படி ஊட்டுவார்களாம், அதற்குக் குர்ஷா என்று பெயராம். சொல்லிவிட்டு அந்த அம்மா துண்டைத் தட்டில் வைத்தார். எங்கள் மேசையிலேயே அமர்ந்து, முதலில் நீ எனக்குப் போடு என்று அண்ணையைக் கேட்டார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

அண்ணை எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டு வந்தார்.

“வாயைத் திறவுங்கோ அம்மா.”

அவர் திறந்தார். மெதுவாக மென்றார். பிறகு அண்ணைக்கு ஒன்று சுருட்டினார்.

“புளிக்குது,” என்றார் அண்ணை, வாய் நிறைய வைத்துக்கொண்டு. அடுத்த துண்டைத் தானே பிய்த்தார்.

இப்போது அண்ணைக்கு விசா இருக்கிறது. ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் பெட்டியோடு அந்தக் கடைக்குள் ஏறி, “போயிட்டு வாறன் அம்மா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறப் போகிறார்.