ரோசாப்பூப் பேணி

சின்னம்மா இத்தாலியிலிருந்து லீவில் எங்கள் தர்மபுரத்துக்கு வந்திறங்கிய கிழமைதான் என் சிநேகிதி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். அப்போது எனக்குப் பத்து வயது. வகுப்பில் என் பக்கத்திலிருந்து எழும்பிச் சுவரோரக் கதிரைக்குப் போய்விட்டாள். ஏனென்று கேட்டால் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுக்கு முன்னால் இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது.

இத்தனைக்கும் நான் அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்லியிருந்தேன். யார் யாருக்கு உயிர்ச் சிநேகிதி என்று வகுப்பில் வாக்குவாதம் வந்தபோது, கதிரையில் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எங்கட வீட்டில இவளுக்கெண்டு தனிப் பேணியே இருக்கு. வேற ஒருத்தரும் அதில குடிக்கேலாது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று யோசிக்கிற பழக்கம் அன்றைக்கு என்னிடம் இல்லை.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சிவப்பு ரோசாப்பூப் போட்ட எனாமல் பேணி அது. குசினிக்கு வெளியே, பின்கதவு நிலையில் ஓர் ஆணியில் தொங்கும். அவள் வந்தால் அம்மா அதில்தான் தேத்தண்ணீர் ஊற்றுவார். குடித்து முடித்ததும் அவளே கிணற்றடியில் கழுவி மாட்டிவிட்டுப் போவாள். எங்களுக்கெல்லாம் வெறும் சில்வர் பேணி. ஒருமுறை ஆசைப்பட்டு ரோசாப்பூப் பேணியில் தண்ணீர் குடிக்கப்போய் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிநேகிதியின் குடும்பம் பாட்டன் காலத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறியது. அம்மா யாரிடமாவது அவர்களைப் பற்றிச் சொல்லும்போது "தோட்டத்து ஆக்கள்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார். மரியாதையில் தாழ்த்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

சின்னம்மா இத்தாலியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்துச் சண்டையை ரீச்சரிடம் கொண்டுபோகக்கூடாது, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே என் கதையைக் கேட்டார். பேணியின் பேச்சு வந்ததும் கை நின்றுவிட்டது. எத்தனை நாளாக அந்தப் பேணி என்று கேட்டார். எப்பவும்தான் என்றேன்.

"சனிக்கிழமை மத்தியானம் அவையைச் சாப்பிடக் கூப்பிடுவம்," என்றார். "நீ ஒண்டும் சொல்லாதை. நான் அவையின்ர வீட்டை போய்த் தாயிட்டைச் சொல்லுறன்."

சனிக்கிழமை காலையிலிருந்து நான் வாசல் படலைக்கும் குசினிக்கும் நடையாய் நடந்தேன். சின்னம்மா சோளமாவை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு மணித்தியாலம் கிண்டினார். எனக்குப் புத்தகம் அடுக்க அப்பா அரிந்து வைத்திருந்த பாலைமரப் பலகையைக் கழுவி மேசையில் போட்டு, அந்தக் களியை அதன்மேல் அப்படியே ஊற்றிப் பரப்பினார். மேலே தக்காளியும் உள்ளியும் வதக்கிய குழம்பு. தட்டு கிடையாது. ஆளுக்கொரு கரண்டி, அவரவர் தம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிடவேண்டும். இத்தாலியில் விருந்தென்றால் இவ்வளவு சுகம், கழுவுகிற வேலையும் இல்லை என்றார். கூழ் காய்ச்சத் தெரியாதவர்கள் கண்டுபிடித்தது என்று அப்பா முணுமுணுத்தார்.

சிநேகிதி தாயோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மா குசினி வாசலிலேயே நின்று, தான் பிறகு சாப்பிடுவதாகச் சொன்னார். வீட்டுப் பெண்கள் கடைசியில் சாப்பிடுவது வழக்கம்தானே.

"அக்கா, இதில பிறகெண்டு ஒண்டு இல்லை," என்றார் சின்னம்மா. "ஆறினா இறுகிப்போம். வந்து இருங்கோ."

அம்மா வந்து, சிநேகிதியின் தாய்க்கு எதிரே இருந்தார். இருவரும் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள். அப்பாவும் நானும் நடுப்பலகை வரை வந்துவிட்டோம். அவர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் மஞ்சள் களி தொடுவாரில்லாமல் கிடந்தது. பாவம், இரண்டு பேருக்கும் இத்தாலிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். சின்னம்மா எல்லாருக்கும் ஒரேமாதிரிச் சில்வர் பேணியில் தண்ணீர் வைத்திருந்தார், சிநேகிதிக்கும்கூட. அவள் முகம் கொடுக்காததற்குக் காரணம் பிடிபட்டுவிட்டது எனக்கு. பின்கதவுக்கு ஓடினேன். ரோசாப்பூப் பேணியில் தண்ணீர் நிரப்பி, சிந்தாமல் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினேன்.

"இந்தா, உன்ர பேணி."

அவள் குனிந்துகொண்டாள். அவளுடைய தாய் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். "நேரமாச்சுங்க, நாங்க போயிட்டு வர்றோம்," என்று எழும்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி இவள் என்னோடு ஒருநாளும் கதைக்கப்போவதில்லை என்று மட்டும் விளங்கியது.

அம்மா எழும்பி வந்து என் கையிலிருந்த பேணியை வாங்கினார். அவளிடம் கொடுக்கப்போகிறார் என்று பார்த்தேன். அம்மா வாய் வைத்து, ஒரே மூச்சில் அடிவரை குடித்தார். தண்ணீர் நாடியில் வழிந்து சேலையை நனைத்தது. பிறகு தன்னுடைய சில்வர் பேணியை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

"என்ரையில குடி, பிள்ளை," என்றார்.

சிநேகிதி தாயைப் பார்த்தாள். தாய் திரும்பக் கதிரையில் இருந்தார். அதன்பிறகுதான் அவள் குடித்தாள்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "அம்மா, அது அவளின்ர பேணி. நீங்கள் எச்சிலாக்கிப் போட்டியள்," என்று கத்தினேன். சிநேகிதிதான் ஒரு கிழமைக்குப் பிறகு முதன்முதலாக என்னைப் பார்த்து, "லூசு," என்றாள்.

அவர்கள் போனபிறகு பேணியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். என் சிநேகிதி குடிக்கிற பேணி என்பதால் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். மாட்டப் போனால் பின்கதவு நிலையில் ஆணியைக் காணவில்லை. இருந்த இடத்தில் துளை மட்டும் இருந்தது. அம்மாதான் பிடுங்கி எறிந்தாராம். எங்கள் வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதையையும் இல்லாமல் செய்துவிட்டாரே என்று, இரண்டு நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.