ஒற்றை வழியில் சிவப்பு விளக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் ரோட்டுக்கு இறங்கும் வழியில் ஓரிடத்தில் ஒரு வண்டிக்குத்தான் அகலம் உண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது தெரியாது. முன்பெல்லாம் டிரைவர்மார் ஹோர்ன் அடித்துக் காது கொடுத்துக் கேட்பார்கள். பதில் ஹோர்ன் வராவிட்டால் போய்விடுவார்கள்.

பிறகு இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, தோட்டத்து வண்டிகளில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி பூட்டினார்கள். வண்டி ஒரு முனையை நெருங்கினால், பெட்டியின் சிக்னல் அங்குள்ள கம்பத்துக்குப் போய் மறுமுனையில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பில் நுழைந்தால் வேலை போய்விடும் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். நல்ல ஏற்பாடு என்று நானே எங்கள் லயத்து வீடுகளில் பெருமை பேசினேன். என் வாயை என்ன சொல்ல!

எனக்கு வலி கண்டபோது ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். தலைப்பிள்ளை. எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாகக் கும்பிட்டு வந்தது.

கம்பத்தடியில் லொறி நின்றது. சிவப்பு. டிரைவர் அண்ணன் ஹோர்ன் அடித்தார், பதில் இல்லை. மறுபடி அடித்தார். எதுவும் வரவுமில்லை, அந்தப் பாழாய்ப்போன விளக்கு மாறவுமில்லை. போய்த் தொலையுங்கள் என்று கத்தினேன். எதிரே வண்டி ஏறிக்கொண்டிருந்தால் எல்லாரும் பள்ளத்தில்தான் கிடப்போம் என்றார் அவர். அதுவும் நியாயம்தான். கடைசியில் என் வீட்டுக்காரர் குதித்திறங்கிப் பனிக்குள் ஓடினார். மறுமுனையில் தோட்டத்து டிராக்டர் கம்பத்தை ஒட்டிச் சும்மா நின்றதாம். அதன் டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். பெட்டி மட்டும் விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. இவர் ஓடிவந்து சொன்ன பிறகுதான் லொறி நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தான். அழவில்லை. மூக்கு அப்படியே அவருடையது. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம். நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

சில வாரம் கழித்து, பெட்டி பூட்டிய இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவே கூசினார். கருவியில் பழுதில்லை, வண்டி இருந்தது, இருக்கிறதென்று காட்டியிருக்கிறது, ஓடுகிறதா நிற்கிறதா என்று பிரித்தறிய மட்டும் அதற்குத் தெரியாது என்றார். அதைத் திருத்தத்தான் வந்திருப்பதாகச் சொல்லி, அன்றைக்கு லொறி எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டார்.

"நேரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க தம்பி," என்றேன். "லொறி நின்னப்ப புள்ள வயித்துல அசைஞ்சிச்சு. கெளம்புனப்ப அசையல."