மஞ்சள் தண்ணீர் காய்ச்சிய சின்னத்தாய்

சின்னத்தாய் பிரித்து வைத்த ஏலக்காயை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். காய் உலர்த்தும் சூளையை ஒட்டிய கூடத்தில் சாக்கு விரித்து, முப்பது பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிளந்த காய், வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாம் இடது பக்கம் போகும். மற்றவர்களுக்குக் கண் வேண்டும். சின்னத்தாய்க்கு விரல் போதும். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, யாரையோ கேலி பேசிக்கொண்டு அவள் தள்ளிய காயை உடைத்துப் பார்த்தால் உள்ளே விதை சொத்தையாக இருக்கும்.

கேரள எல்லைக்குள், ஆனைக்கரைக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய் எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று முதல் ஏழு வருடம் நான் கம்பவுண்டர். கூடத்துக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். சூளை எரியும் மாதங்களில் சுவர் கதகதப்பாக இருக்கும். மருந்துப் புட்டியின் மூடியில்கூட ஏலக்காய் மணக்கும். அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் இந்தப் பக்கம் சிரித்திருக்கிறேன். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் வாசம் வந்தால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் முதலில் கேட்கிறது.

சின்னத்தாய் மலையடிவாரத்தில் கம்பம் ஊர்ப் பக்கம் பிறந்தவள். பதினாறு வயதில் கல்யாணமாகி மலையேறினாள். புருஷன் சங்கையா எழுபத்தொன்றில் காய்ச்சலில் போய்விட்டார். அவளும், கூடத்தில் அவளோடு காய் பிரிக்கும் சந்தனமும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்தி வைத்த குழம்பில் பாதி மற்றவள் அடுப்படியில் இருக்கும்.

எழுபத்தேழு ஐப்பசியில், கீழே நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மலையாள டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். வேலை முடிந்த நேரம் கூடத்திலேயே பெண்களை உட்கார வைத்துப் பேசினார். கருப்பையின் வாயில் வரும் புற்றை, அது முற்றுவதற்குப் பல வருடம் முன்பே கண்டுபிடிக்கலாம். மரக்குச்சியால் லேசாக வழித்து, சின்னக் கண்ணாடிச் சில்லில் தடவி அனுப்பினால் போதும். வலி இல்லை. நாளைக் காலையில் எல்லோரும் வர வேண்டும்.

“எதுனால வருது டாக்டரம்மா?” என்று கேட்டாள் கத்தரீனாள். கூடத்தில் சின்னத்தாய்க்கு ஈடாக வாய் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

“வைரஸ்னு ஒரு கிருமி. ரொம்பச் சிறிசு. அதுதான் காரணம்னு சிலர் பறயறாங்க. இன்னும் உறுதியாயிட்டில்லா.”

அந்தக் கிருமி எதுவென்று பிற்காலத்தில் உறுதியானது. இப்போது தடுப்பூசியே வந்துவிட்டது. அன்று அவர் தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொன்னார். எப்படித் தொற்றும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள்.

சந்தனத்துக்கு ஒரு விஷயம் இருந்தது, சின்னத்தாய்க்கு மட்டும் தெரிந்தது. மாத விலக்கு நின்று இரண்டு வருடம் ஆன பிறகு ஆவணியிலிருந்து திரும்ப உதிரம் கண்டிருந்தது. “யாருகிட்டயும் மூச்சு விடாத” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். டாக்டரிடமும் சொல்ல மாட்டாள் என்பதால், எப்படியாவது அவளைச் சோதனைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று சின்னத்தாய் நினைத்தாள். அதற்காகவே எல்லாப் பெண்களையும் கிளப்பினாள்.

மறுநாள் விடியலில், லயத்து முற்றத்தில் அவள் அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சினாள். மஞ்சள் இடித்துப் போட்டாள். வேப்பிலை உருவிப் போட்டாள்.

“கிருமிங்கிறாக. கிருமியோடவா போயிப் படுப்பீக? அந்தம்மா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்? உள்ள வரைக்கும் நல்லாக் கழுவிட்டுப் போங்கடி.”

“எனக்கு ரெண்டு செம்பு சேத்து ஊத்து மதினி” என்றாள் கத்தரீனாள். “என் கிருமி ஒரு செம்புக்கெல்லாம் அசையாது.”

இருபத்தாறு பேர் வந்தார்கள். சின்னத்தாய் நாள் முழுக்க வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக உள்ளே தள்ளினாள். கண்ணாடிகளை ஸ்பிரிட்டில் போட்டு, உலர்த்தி, பெயர் எழுதி ஒட்டியது நான். ஸ்பிரிட் லேசாக மஞ்சளாகியிருந்ததைப் பார்த்தேன். பெண்களின் கைமஞ்சள் என்று நினைத்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன். அது என் தப்பு.

ஐந்து வாரம் கழித்துத் தபால் வந்தது. பத்தொன்பது கண்ணாடிகளில் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. அவற்றில் சந்தனத்தினுடையதும் ஒன்று. கடைசியில் டாக்டர் கையால் எழுதியிருந்தார்: “இவர்கள் எதைப் போட்டுக் கழுவினார்கள்?”

சின்னத்தாயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

“கழுவுனது நல்லதுக்குத்தான சார்?”

“குச்சியால வழிக்கிறது உதிர்ந்து நிக்கிற சதைத் துணுக்கம்மா. அதுலதான் கெட்டது இருக்கான்னு பூதக்கண்ணாடியில பாப்பாங்க. அதைக் கழுவிட்டா?”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். “குவியலக் கொட்டிட்டு வெறுஞ்சாக்கக் காட்டியிருக்கேன்” என்றாள்.

அதற்குள் லயத்தில் சேதி வேறு மாதிரி பரவிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? சந்தனம் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள். மறுபடி போக வேண்டும் என்று சின்னத்தாய் சொன்னபோது சந்தனம் வேலையிலிருந்து தலை நிமிரவில்லை.

“ஒரு தடவ மானத்த விட்டது பத்தாதா? ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. விடு.”

“நான் காச்சுன தண்ணியால வந்ததுடி அது.”

“அப்பிடின்னா நீ காச்சுனது நல்ல தண்ணி.”

சந்தனத்தின் புருஷன் பெரியமுத்துவும் போக விடவில்லை. அந்தக் கிருமி ஆம்பிளையிடமிருந்துதான் பொம்பிளைக்கு வரும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவன் பெரியமுத்துவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாய் டீக்கடைக்குப் போனாள். பெண்கள் அங்கே போவதில்லை. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, வெளிய வாங்க.”

“இங்கயே சொல்லுத்தா. கிருமிக் கதைதான?”

“கிருமி யாரு குடுத்தாகன்னு நான் கேக்க வரல. அது வந்து இருவது வருசம்கூட ஆகியிருக்கும்னு, கம்பவுண்டர் சார் கேட்டதுக்கு டாக்டரம்மா பதில் எழுதியிருக்காக. கல்யாணமான யாருக்கும் வரும்.”

“எம் பொஞ்சாதிக்கு ஒண்ணுமில்ல. காயிதம் வந்துருச்சு.”

“காயிதத்துல ஒண்ணுமே இல்லண்ணே. அதுதான் விசயம்.”

“ஊருல உள்ளவள எல்லாம் இழுத்துக்கிட்டுப் போயி அவுத்துக் காட்டுன. ஒனக்கு இதுல என்ன?”

சின்னத்தாய் வெளியே நகர்ந்தாள். அவரும் ஏதோ திட்டிக்கொண்டே பின்னால் போனார். வாசல் தூண் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஆவணியிலிருந்து நடப்பதைச் சொன்னாள். எனக்குக் கேட்டது பாதிதான். பெரியமுத்து திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடிக்காமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சந்தனத்தை அவரே கூட்டிக்கொண்டு போனார். புற்று இருந்தது. அடிவயிற்றைத் தாண்டிப் பரவவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள்; லயத்துப் பேச்சில் அது கரண்டு. மாசி முடிவில் திரும்பி வந்தபோது சந்தனம் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் நடந்தே மேடேறினாள்.

சின்னத்தாயிடம் அவள் பேசவில்லை. சத்தியத்தை மீறியதை மன்னிக்கவில்லை. கூடத்தில் எதிர் வரிசையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு குறைந்துபோனது. சின்னத்தாய் மதியம் தினமும் ஒரு கிண்ணம் குழம்பைக் கத்தரீனாளிடம் கொடுத்தனுப்புவாள். அது அப்படியே திரும்பி வரும். ஒரு நாளும் கொடுத்தனுப்பாமல் இருந்ததில்லை.

அடுத்த ஐப்பசியில் டாக்டரம்மா மறுபடி வந்தார். இந்த முறை பெண்களிடம் பேசியது சின்னத்தாய்.

“போன தடவ நான் சொன்னது தப்பு. கிருமி மேல ஒட்டிக்கிட்டு இல்ல, கழுவுனாப் போறதுக்கு. அது சதைக்குள்ள போயி வருசக்கணக்குல சத்தமில்லாமக் கெடக்கும். கெட்டதுக்கப்புறந்தான் தெரியும். அதுக்கு முன்னாடி பாக்கத்தான் இந்தக் கண்ணாடி. நாளைக்கு யாரும் எதையும் போட்டுக் கழுவக் கூடாது. தப்புச் சொன்னது நான். அந்தம்மாவத் திட்டாதீக.”

ஒருத்தி, “போன வருசமும் இப்பிடித்தான சொன்ன” என்றாள். இன்னொருத்தி சாக்கை உதறினாள்.

கடைசியிலிருந்து சந்தனம் எழுந்தாள்.

“எனக்கு வந்துச்சு” என்றாள். “கரண்டு வச்சாக. இன்னிக்கு ஒங்க முன்னால நிக்கிறேன்.”

திரும்பச் சாக்கில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை டிஸ்பென்சரி வாசலில் வரிசை பம்புக்குழாய் வரை நின்றது. சின்னத்தாய் முன்போலவே ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். மதியம் வரிசை தேய்ந்து, கடைசிப் பெண்ணும் வெளியே வந்தாள். நான் மூடியை எடுத்து ஸ்பிரிட் சாடியை மூடப் போனேன்.

“நீ போனியாடி?”

பத்து மாதம் கழித்துச் சந்தனம் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. வாசற்படியில் நின்று, இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

“எனக்கெதுக்கு? எங்க வீட்டுக்காரவுக போயி ஏழு வருசமாச்சு.”

“வருசக்கணக்குல கெடக்கும்னு நேத்துத் தொண்டை கிழியச் சொன்னியே. ஊருக்கெல்லாம் கெடக்கும், ஒங்கிட்ட இருக்குற கிருமி மட்டும் டிக்கெட் வாங்கிக்கிட்டு கம்பத்துக்கு எறங்கிப் போயிருமா?”

சின்னத்தாய் கையை முந்தானையில் துடைத்தாள். சந்தனம் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“வா. நான் கூட நிக்கிறேன்.”

இருவரும் உள்ளே போனார்கள். நான் இன்னொரு கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் பெயரை எழுதினேன்.